ஜெபகனி கேட்ட ஒரு ஜோடி

யாராவது வந்து "ஒரு சோல் குடுங்க" என்று கேட்டால் ஜெபகனி உடனே எழுந்திருக்கமாட்டார். மூன்று கேள்விகள் கேட்பார். என்ன அளவு? எந்த அச்சு? எந்தக் கால்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் இடுப்பில் செருகிய சாவி வெளியே வரும். ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் ஷூ கம்பெனியில், 1996இல் சோல் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் அவர் வழக்கம்.

"இன்னா ஜெபாக்கா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறீங்க?" என்று அவசரக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"ஸ்டேஷன்ல தப்பான ஆளப் புடிச்சா விட்டுடலாம். தப்பான சோல ஒட்டிட்டா பிரிக்க முடியாது" என்பார்.

அவர் நாட்றம்பள்ளிக்காரர். அப்பா கிருபானந்தம் மிஷன் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். மகளும் ஆசிரியை ஆகவேண்டும் என்று வேலூருக்கு அனுப்பி இயற்பியல் படிக்கவைத்தார். பள்ளிக்கூட வேலைக்கான கடிதம் வரும்வரை ஆறு மாதம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு கம்பெனிக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அந்தக் கடிதத்தைப் பற்றி இப்போது கேட்டால், "தபால்காரர் இன்னும் வாணியம்பாடி தாண்டல போல" என்று சிரிப்பார்.

சேர்ந்த மூன்றாம் வருடம் நடந்த ஒரு சம்பவத்தை எங்கள் கம்பெனியில் இன்றும் சொல்வார்கள். கன்டெய்னரில் ஏற்றத் தயாராக இருந்த பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இரண்டும் இடது கால் ஷூ. எல்லோரும் பதறினார்கள். அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். ஜெபகனி வாசலில் நின்று மறித்துக்கொண்டார்.

"இதுல ரெண்டு இடது இருந்தா, இன்னொரு பெட்டியில ரெண்டு வலது இருக்கணும். தப்பு தனியா வராது. அதுக்கும் ஒரு ஜோடி இருக்கும்."

பதினேழாவது பெட்டியில் அந்த இரண்டு வலது கால்களும் கிடைத்தன. அன்றிலிருந்து லோடிங் பிரிவில் எது காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

2001இல் ஸ்டோருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் கையேட்டை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். வேதாகமத்தில் கோடு போடுவதற்கு வைத்திருந்த சிவப்புப் பென்சிலாலேயே அதிலும் கோடு போட்டார். முதலில் பிரின்டரைச் சரிசெய்தார். பிறகு பக்கத்து அறைக்குக் கேபிள் இழுத்தார். ஐந்து வருடத்தில், கம்பெனியில் எந்தத் திரை இருண்டாலும் ஜெபகனிதான் என்றாகிவிட்டது. ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் சோல் ஸ்டோர் உதவியாளராகவே இருந்தார். சர்வர் அறைச் சாவியைத் தினமும் செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் என் மேசை அந்த அறைக் கதவை ஒட்டியிருந்ததால் இதையெல்லாம் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2007 ஜூலையில் ஒரு புதன்கிழமை, புது ஃபயர்வால் வந்து இறங்கியது. வெளியிலிருந்து கண்டது எதுவும் நம் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையாமல் காவல் காக்கும் பெட்டி அது. எங்கள் ஷூக்களை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதால் வாங்கியது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாம் யூனிட்டும் இந்தப் பெட்டி வழியாகத்தான் நம்மோடு பேசவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பெட்டி வருவதற்கு மூன்று வாரம் முன்பே அதற்குரிய கேபிள் வேலையை ஜெபகனி தொடங்கியிருந்தார். ஏனென்றால் இரண்டாம் யூனிட்டோடு நாங்கள் அப்போது பேசிக்கொண்டிருந்த விதம் அப்படி. கட்டிங் கணக்கை பென் டிரைவில் ஏற்றி, வேன் டிரைவர் கன்னியப்பனின் சட்டைப் பையில் போட்டு அனுப்புவோம். சட்டை துவைக்கப் போன நாளில் கணக்கும் துவைக்கப் போய்விடும்.

ஃபேக்டரி மேனேஜர் ஆபித் பாஷா பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு சின்னச் சதுர ஓட்டைகள் காலியாக இருந்தன.

"இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய கம்பெனி, ஓட்டைய மட்டும் குடுத்து அனுப்பிருக்கான்?"

"அது அப்படித்தான் சார். நம்ம கேபிள் என்ன கேபிளோ, அதுக்குத் தகுந்த மாட்யூல, கேபிள மாட்டற குட்டிப் பெட்டிய, நாமதான் தேர்ந்தெடுத்து அதுல சொருகணும். அச்சுக்குத் தகுந்த மாதிரி சோல் போடற மாதிரி."

"ஆர்டர் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். நாளைக்கு வந்துடும்."

ஆபித் பாஷா பெட்டியை நேராகத் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஜெபகனி, ஓப்பனா சொல்றேன். சென்னைக் கம்பெனி ஒண்ணு இந்த வேலைய வருஷக் கான்ட்ராக்ட்ல கேக்குது. முதலாளிக்கும் அதுல இஷ்டம்தான். நான்தான் நம்ம ஆளே செய்வாங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை பையர் வர்றாரு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரெண்டாவது யூனிட்ல கனெக்ஷன் லைட் எரிஞ்சா, சிஸ்டம் செக்‌ஷன் உங்களுது. எரியலன்னா கான்ட்ராக்ட் அவங்களுக்கு. நீங்க சோல் ஸ்டோர்தான்."

"எரியும் சார்" என்றார் ஜெபகனி. அவர் குரலில் சந்தேகம் இல்லை. இருக்கக் காரணமும் இல்லை. அந்த மாட்யூலை அவர் தேர்ந்தெடுத்தது மூன்று கேள்விகளும் கேட்டுத்தான்.

முதல் கேள்வி, என்ன கேபிள்? சாலைக்கு அடியில் போவது மஞ்சள் உறை போட்ட ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளி ஓடும். நீண்ட தூரத்துக்கு உரியது. பர்ச்சேஸ் பிரிவின் நிசார் அஹமது வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கேபிள் துண்டுகளைப் பார்த்து, சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "பாய், இது ரூமுக்குள்ள ஓடற கேபிள். இதோட இழை தடிமன் வேற. மஞ்சளோட இதச் சேத்தா வெளிச்சம் பாதியில தொலஞ்சிடும்" என்று ஜெபகனி திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது கேள்வி, எந்த வாய்? சுவரில் கேபிள் வந்து முடியும் பெட்டியின் வாய் பெரிது, மாட்யூலின் வாய் சிறிது. அதனால் இடையில் போடும் துண்டுக் கேபிளுக்கு ஒரு முனை பெரிதாகவும் மறு முனை சிறிதாகவும் இருக்கவேண்டும். அதையும் எழுதிக் கேட்டிருந்தார்.

மூன்றாவது, எந்த மெஷின் எதை ஏற்றுக்கொள்ளும்? இரண்டாம் யூனிட்டில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் சாது. எந்தக் கம்பெனி மாட்யூலைச் சொருகினாலும் வாங்கிக்கொள்ளும். ஃபயர்வால் அப்படியில்லை. தன் கம்பெனிப் பட்டியலில் பெயர் இல்லாத மாட்யூலை 'தெரியாத ஆள்' என்று வெளியே நிறுத்திவிடும். ஜெபகனி அந்தப் பட்டியலை அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒன்றரை வருடம் முன்பு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பொக்லைன் எங்கள் கேபிளையும் ஒரு கை பார்த்துவிட்டது. உள்ளே இருந்த ஆறு இழைகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சாதாரண மாட்யூலுக்கு இரண்டு இழை வேண்டும், பேச ஒன்று, கேட்க ஒன்று. ஒரே இழையில் போகவும் வரவும் செய்ய வேறு வகை மாட்யூல் இருக்கிறது. ஒரு முனையில் இருப்பது ஒரு வகை ஒளியில் பேசும், இன்னொரு வகை ஒளியில் கேட்கும். மறு முனையில் இருப்பது அதற்கு நேர் எதிர். கைப்பிடி நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

"அதாவது, இடது கால் ஒண்ணு, வலது கால் ஒண்ணு" என்று எனக்கு விளக்கியிருந்தார். ஆர்டர் சீட்டிலும் அப்படியே 'ஒரு ஜோடி' என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஷூ கம்பெனியில் இதைவிடத் தெளிவாக ஒன்றை எப்படி எழுதுவது?

வியாழக்கிழமை காலை பார்சல் வந்தது. ஜெபகனி அதை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். இரண்டு மாட்யூல்களையும் எடுத்து, பழக்க தோஷத்தில் ஷூ வைப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்படியே நின்றார்.

இரண்டும் நீலம்.

எழுத்தைப் படித்தார். அதிலும் இரண்டும் ஒன்று. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பதினோரு வருஷம் இந்தக் கம்பெனியில ஜோடி பாத்துப் பாத்துக் குடுத்தவளுக்கு, ரெண்டு இடது கால் அனுப்பிருக்காங்க" என்றார். சிரித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்கு வியாழன்" என்றார்.

நிசார் அஹமது கூப்பிட்டதும் வந்தார். இருபது வருடம் தோல் வாங்கியவர். ஆட்டுத் தோலைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லக்கூடியவர்.

"பாய், நான் ஒரு ஜோடின்னு எழுதினேன். இன்னா ஆர்டர் போட்டீங்க?"

"ஜெபாம்மா, எலக்ட்ரிக் சாமானுக்கு நம்ம சாஃப்ட்வேர்ல ஜோடின்னு போட முடியாது. எண்ணிக்கைதான் ஏத்துக்கும். ரெண்டுன்னு போட்டேன். அது தப்பா?"

"அது தப்பில்ல. ஆனா ரெண்டும் நீலமா வந்திருக்கே?"

நிசார் முகம் மலர்ந்தது. "அதான! அந்த சென்னைக் கடை சாமுவேல் கொட்டேஷன்ல ஃபோட்டோ போட்டிருந்தான். ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். நான் விடுவேனா? உடனே ஃபோனப் போட்டு, என்னாப்பா ஷேட் வித்தியாசம் இவ்ளோ இருக்கு, ரெண்டும் ஒரே ஷேட்ல அனுப்பு, மாத்திக் கீத்தி அனுப்புன, சரக்கு ரிட்டன்னு கண்டிஷனா சொன்னேன். கரெக்டா அனுப்பிட்டான் பாரு!"

ஒரு ஷூவின் இரண்டு பக்கமும் ஒரே சாயத்தில் இருக்கவேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட மனிதர் அவர். ஜெபகனி அவரைப் பார்த்தார், மாட்யூலைப் பார்த்தார்.

"பாய், அந்த நீலம் இடது கால். மஞ்சள் வலது கால்."

நிசார் அஹமதுவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. பெரிய பேஜார் பண்ணிட்டேனே. சனிக்கிழமை லைட் எரியலன்னா உன்னத் திரும்பவும் ஸ்டோருக்கு அனுப்பிடுவாங்களே."

"முதல்ல ஒண்ண டெஸ்ட் பண்ணலாம் பாய்" என்று ஜெபகனி ஒரு நீல மாட்யூலை ஃபயர்வாலில் சொருகினார். திரையில் அதன் பெயர் ஒழுங்காக வந்தது. தெரிந்த ஆள்தான். இந்தப் பக்கம் சரி. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் வேண்டும்.

சென்னையில் கடை வைத்திருக்கும் சாமுவேலுக்கு ஃபோன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், எனக்கே டவுட்டுதான். ஆனா கஸ்டமர் அவ்ளோ கண்டிப்பா கேட்டாரு. உங்ககிட்ட பழசு மஞ்சள் ஏதோ இருக்குபோலன்னு நெனச்சிட்டேன். இப்ப ஸ்டாக் இல்ல. பெங்களூர்லருந்து வர பத்து நாள் ஆகும்."

"ஸ்டாக் இல்லன்னு எப்படி சார் சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஸீரோ காட்டுது மேடம்."

"உங்க கம்ப்யூட்டர்ல இது எப்படி ஏறிருக்கு? தனித்தனியாவா, ஜோடியாவா?"

"ஜோடியாதான். கம்பெனியிலருந்து ஜோடியாதான் வருது. ரெண்டு ஜோடி இருந்தது. உங்களுக்குப் போய்டுச்சு."

ஜெபகனி நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்டெய்னர் வாசலில் மறித்துக்கொண்டு நின்ற நாளில் எப்படி இருந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"எங்களுக்கு வந்தது ரெண்டு ஜோடி இல்ல சார். ரெண்டு நீலம். அந்த ரெண்டு நீலத்தையும் எதுலருந்து எடுத்தீங்க? ரெண்டு ஜோடியப் பிரிச்சுத்தான எடுத்திருப்பாங்க? அப்ப ரெண்டு மஞ்சள் எங்க?"

மறுபக்கம் கீபோர்டைத் தட்டும் ஓசை கேட்டது.

"கம்ப்யூட்டர விடுங்க சார். ஷெல்ஃபப் பாருங்க. ஜோடி இல்லாததால கணக்குலயும் இல்ல, விக்கவும் முடியாம எங்கயோ மூலையில கிடக்கும்."

"லைன்ல இருங்க மேடம்" என்றார் சாமுவேல். பெட்டிகள் உருளும் ஓசை கேட்டது. யாரையோ அதட்டும் ஓசை கேட்டது. நிசார் அஹமது என் காதருகே குனிந்து, "மஞ்சள் மட்டும் கெடச்சிட்டா பிரியாணி என் செலவு" என்றார். அவரால் மெதுவாகப் பேச முடியாது. அது சென்னைக்கே கேட்டிருக்கும்.

"மேடம்!" சாமுவேல் மூச்சு வாங்கினார். "இருக்கு! ரெண்டும் இருக்கு! டேமேஜ்னு எழுதி ஓரமா வெச்சிருக்கான். எப்படி மேடம் உங்களுக்குத் தெரிஞ்சது? இங்க வந்து பாத்த மாதிரி சொல்றீங்க."

"நாங்க ஷூ கம்பெனி சார்" என்றார் ஜெபகனி.

கூரியரை நம்ப அவர் தயாராக இல்லை. சாம்பிள் ஷூக்களை விமான நிலையத்தில் சேர்க்க வெள்ளிக்கிழமை விடியற்காலை கன்னியப்பன் வேன் எடுக்கிறார். கூடுதலாக இருந்த நீலத்தை அவர் கையில் கொடுத்து, அதைக் கொடுத்துவிட்டு மஞ்சளை வாங்கி வரச் சொன்னார். பத்து மணிக்கு சென்னையிலிருந்து கன்னியப்பனின் ஃபோன் வந்தது.

"மேடம், மஞ்சள் குடுத்துட்டாரு. இது எலுமிச்சம்பழ மஞ்சள் மாதிரி இருக்குது. ஓகேவா? இல்ல மாம்பழ மஞ்சள் வேணுமா? நிசார் பாய் ஷேட் பாத்து வாங்கச் சொன்னாரு."

"அந்த ஆள வேன அங்கயே உட்டுட்டு நடந்து வரச் சொல்லு!" என்று பின்னாலிருந்து நிசார் கத்தினார்.

"நீங்க சொல்ற எந்த மஞ்சளா இருந்தாலும் பரவால்ல கன்னியப்பா. இந்த வாட்டி சட்டைப் பையில மட்டும் போட்டுடாதீங்க" என்றார் ஜெபகனி.

கன்னியப்பன் சொன்ன பேச்சைக் கேட்பவர். சாயங்காலம் மஞ்சள் மாட்யூல் அவருடைய சாப்பாட்டு டப்பாவின் காலித் தட்டில், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, ஆம்பூர் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெபகனி இரண்டாம் யூனிட்டுக்குப் போனார். ஆபித் பாஷாவும் கூடப் போனார். இந்தப் பக்கம் சர்வர் அறையில் நானும் நிசார் அஹமதுவும். என் வேலை ஒன்றுதான். அவர் சொல்லும்போது துண்டுக் கேபிளை நீல மாட்யூலில் சொருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

"சொருகுங்க" என்றது ஃபோன். சொருகினேன்.

"எரியுதா?"

"இல்லை."

"நல்லாப் பாருங்க."

"இல்லைங்க."

நிசார் அஹமது முணுமுணுப்பாக ஏதோ ஓதத் தொடங்கினார். ஃபோனில் இரண்டாம் யூனிட்டின் தையல் மெஷின்கள் மட்டும் கேட்டன. பிறகு ஜெபகனியின் குரல், கொஞ்சமும் பதறாமல் வந்தது.

"கேபிள் நுனியில வெள்ளையா ஒரு சின்ன மூடி இருக்கும். எடுத்தீங்களா?"

நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டு மீண்டும் சொருகினேன். டிக்கென்று ஒரு சத்தம். ஓட்டைக்கு மேலே பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது, உடனே துடிக்கத் தொடங்கியது.

"எரியுது" என்றேன். எனக்கே என் குரல் உரக்கக் கேட்டது.

"எரியுதுடி!" என்று ஃபோனுக்குள் யாரோ கத்தினார்கள். அது ஜெபகனியா, ஸ்டிச்சிங் லைனில் இருந்த பெண்களில் ஒருத்தியா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில் கைதட்டல்தான்.

நிசார் அஹமது என் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, இரண்டு விரலால் ஏதோ தட்டி, இரண்டாம் யூனிட்டின் பிரின்டருக்கு அனுப்பினார். ஒன்றரை வருடமாக எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட அந்த பிரின்டருக்குப் போனதில்லை. அது முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியதாம். ஆபித் பாஷாவே எடுத்து, ஸ்டிச்சிங் லைன் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாராம். 'ஜெபாம்மா மாஃப் கரோ, மன்னிச்சுடு. பிரியாணி ஆர்டர் பண்ணியாச்சு. நிசார்.'

ஃபோன் மறுபடி உயிர்பெற்றது.

"பாய், எத்தன பார்சல்?"

"உனக்கு ரெண்டு ஜெபாம்மா."

"சரி. இது ரெண்டும் ஒரே ஷேட்ல இருக்கலாம். ஆட்சேபனை இல்ல."

ஒரு மணிக்கு இருவரும் சாலையைக் கடந்து திரும்பி வந்தார்கள். ஆபித் பாஷா செக்யூரிட்டி அறைக்குப் போய், சர்வர் அறைச் சாவியையும் அதற்கான கையெழுத்து நோட்டையும் எடுத்துவந்தார். நோட்டில் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு மூடினார். சாவியை ஜெபகனியிடம் நீட்டினார்.

"இனிமே கையெழுத்து வேணாம். அந்தச் சாவியக் குடுங்க."

ஜெபகனி இடுப்பிலிருந்து சோல் ஸ்டோர் சாவியை எடுத்தார். பதினோரு வருடம் சேலையில் உரசி உரசிப் பளபளத்துக் கிடந்தது. கொடுக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம். ஸ்டோர்லருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"இன்னா?"

"எல், ஆர் ஸ்டிக்கர். ஒரு ரோல் போதும்."

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஸ்டோரைத் திறந்து, இடது வலது காலுக்கு ஒட்டும் அந்த வட்ட ஸ்டிக்கர் ரோலை எடுத்துவந்தார். ஃபயர்வாலில் நீல மாட்யூலுக்கு மேலே 'எல்' ஒன்றை ஒட்டினார். 'ஆர்' ஒன்றைக் கிழித்துக் கன்னியப்பன் கையில் கொடுத்து, இரண்டாம் யூனிட்டுக்கு அனுப்பினார்.

"எங்க ஒட்டணும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம். எலுமிச்சம்பழத்து மேல."